பதில்: பெரியவர் தாளின் வலது பாதியில் மட்டும் வரைகிறார்

உங்க ஓவிய வகுப்புக்கு வர்ற பெரியவர் தாளின் வலது பாதியில் மட்டும் வரைஞ்சிட்டு "முடிச்சிட்டேன்"னு சொல்றார், என்ன செய்யறதுன்னு கேட்டிருந்தீங்க. தாளின் இடது ஓரத்தில் பட்டையாகச் சிவப்பு டேப் ஒட்டுங்க. "இந்தச் சிவப்புல இருந்து ஆரம்பிங்க ஐயா"ன்னு சொல்லிப் பாருங்க. அவர் இடது பாதியை வெறுமையா விடுறது பிடிவாதம் இல்லை.

பக்கவாதம் வந்தவர்னு எழுதியிருக்கீங்க. மூளையோட வலப்பக்கம் பாதிச்சா, கண் நல்லா இருந்தும் இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே கவனத்துக்கு வராமப் போகலாம். "முடிச்சிட்டேன்"னு அவர் சொல்றது அவரளவில் உண்மை. மத்தவங்க முன்னாடி திருத்தாதீங்க, பாவம்.

சோதிக்க: தாள் முழுக்கச் சின்னச் சின்னக் கோடு போட்டு, ஒவ்வொண்ணையும் குறுக்கே கோடு போட்டு அடிக்கச் சொல்லுங்க. இடப்பக்கக் கோடுகள் மிஞ்சுதான்னு பாருங்க.

ஆனா பார்வைப் புலக் குறையும் (ஒரு பக்கம் பார்வையே தெரியாமப் போறது) இப்படிக் காட்டலாம். பிரிச்சுச் சொல்றது தெரபிஸ்ட் வேலை. கோடு அடிச்ச அந்தத் தாளைத் தெரபிஸ்ட்கிட்ட கொடுங்க. இது இன்னைக்குத்தான் திடீர்னு தொடங்கிச்சுன்னா ஓவிய வகுப்பை நிறுத்திட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்க.