தொலைவான மலையூரில் மலிவு விடுதியில் தங்கிய அனுபவம் உண்டா? அறை எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

உண்டு. காஸாவில் நான்கு இரவு தங்கினேன், ஒரு இரவுக்கு 600 ரூபாய். (செய்தியில் வரும் காஸா இல்லை. எங்கள் அம்மாவும் போனில் கேட்டுவிட்டு ஒரு நிமிடம் ஆடிப்போய்விட்டார்.) இது ஹிமாச்சலப் பிரதேசத்தில், ஸ்பிதி பள்ளத்தாக்கில் இருக்கும் சின்ன ஊர். கடல் மட்டத்திலிருந்து 3,600 மீட்டருக்கும் மேலே. நம் பக்கத்தில் பெரிய மலை என்று சொல்லும் ஆனைமுடியே 2,695 மீட்டர்தான்.

அறை எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: தண்ணீர் எப்படி வருகிறது என்று பாருங்கள். மெத்தை, டிவி, ஜன்னல் வழியே தெரியும் பனிமலை எல்லாம் அப்புறம். இதை நான் ஒரு வாளி வெந்நீருக்குப் பேரம் பேசித்தான் தெரிந்துகொண்டேன்.

காஸாவுக்கு இரண்டு வழி. மணாலியிலிருந்து குன்சும் கணவாய் வழியாகப் போகலாம். அது 4,500 மீட்டருக்கும் மேலே, ஏறக்குறைய ஜூன் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். இன்னொன்று சிம்லாவிலிருந்து கின்னோர் வழியாகப் போவது. சுற்றுவழி என்றாலும் குளிர்காலத்திலும் பெரும்பாலும் போக்குவரத்து இருக்கும். நான் போனது அக்டோபர் கடைசி வாரம், அதனால் இரண்டாவது வழி. கின்னோரில் உள்ள ரெக்காங் பியோவில் இருட்டோடு அரசுப் பேருந்தில் ஏறினால் காஸாவில் இறங்கும்போது சாயங்காலம். முதலில் சட்லெஜ் கூடவே வரும். காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு அதோடு வந்து சேர்கிறது, அங்கிருந்து ஸ்பிதியை ஒட்டியே பயணம். பாதி வழிக்கு மேல் மரமே கண்ணில் படாது. பையில் இருந்த சிப்ஸ் பாக்கெட் நாக்கோ என்ற ஊர் வருவதற்குள் தலையணை மாதிரி உப்பிவிட்டது. பக்கத்து சீட்டுச் சின்னப் பையன் அதைக் குத்தி உடைக்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டான்.

இறங்கியதும் முதல் அடி. ஆன்லைனில் முன்பணம் கட்டிப் பதிவு செய்திருந்த விடுதி பூட்டிக் கிடந்தது. போன் அடித்தால், "சீசன் முடிந்துவிட்டதே, நாங்கள் கீழே வந்துவிட்டோம்" என்றார்கள். பணம் திரும்பி வர இரண்டு வாரம் ஆனது. குளிர்காலம் தொடங்கும்போது அங்கே பல விடுதிகளைக் குழாய்த் தண்ணீரை எல்லாம் வடித்துவிட்டு மூடிவிடுவார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஆகவே அக்டோபர் பாதிக்கு மேல் போகிறவர்கள் செயலியில் வரும் பச்சை டிக்கை நம்ப வேண்டாம். கிளம்புவதற்கு முதல் நாள் நேரடியாகப் போன் செய்து, "நீங்கள் இப்போது காஸாவில்தான் இருக்கிறீர்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

இருட்டிக்கொண்டு வந்தது. கடைத்தெருவில் டீ கொடுத்தவர் ஒரு சந்துப் பக்கம் கைகாட்டினார். உள்ளே மூன்று அறை மட்டும் உள்ள மண் வீடு. நடத்துகிறவருக்கு ஐம்பது வயது இருக்கும். எல்லோரையும் போல நானும் "தீதி" என்று கூப்பிட்டேன், இந்தியில் அக்கா. அறையில் ஒரு கட்டில், அதன் மேல் இரண்டு ரஜாய். ரஜாய் என்றால் பஞ்சு திணித்த தடிப்போர்வை. ஒன்றே ஒரு மூட்டை கனம் இருக்கும், இரண்டையும் போர்த்திக்கொண்டால் புரண்டு படுக்கக்கூடத் தனி முயற்சி வேண்டும். ஒரு பல்பு, ஒரு பிளக். சுவரில் பழைய காலண்டர்.

குளிக்க வெந்நீர் கேட்டேன். வாளி ஐம்பது ரூபாய் என்றார். எனக்குச் சுருக்கென்றது. 600 ரூபாய் வாடகை வாங்கிக்கொண்டு தண்ணீருக்குத் தனிக் காசா? எனக்குத் தெரிந்த இந்தியை எல்லாம் திரட்டிப் பேரம் பேசினேன். நாற்பதுக்கு இறங்கினார். வெற்றி! இத்தனைக்கும் நான் விருதுநகர்க்காரன். சின்ன வயதில் தண்ணீர் லாரியின் ஹார்ன் கேட்டதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவன். எனக்கே உறைக்கவில்லை.

அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. அந்த உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. கண் அசந்ததும் யாரோ மூக்கைப் பொத்தியது போலத் திடுக்கென்று விழிப்பு வரும், நாலு பெருமூச்சு விட்டதும் சரியாகும், மறுபடி அதே கதை. உயரத்துக்குப் புதிதாகப் போகிறவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு இப்படி விட்டு விட்டு வருவது வழக்கம்தான், பெரும்பாலும் சில நாளில் குறைந்துவிடும். ஆனால் தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு என்று போனால் வேடிக்கை பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. கீழே இறங்குவதுதான் வைத்தியம். உயரத்தால் வரும் உபாதைக்கான டயமாக்ஸ் மாத்திரை எடுப்பதாக இருந்தால் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள், குறிப்பாகச் சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள். கின்னோர் வழியில் வந்தது இதில் எனக்குக் கைகொடுத்தது. வழியில் இரண்டு ராத்திரி தங்கி மெல்ல மெல்ல ஏறினேன். மணாலியிலிருந்து வருகிறவர்கள் ஒரே பகலில் குன்சும் ஏறி இறங்குகிறார்கள், உடம்பு கேள்வி கேட்காமல் என்ன செய்யும்?

சரி, தண்ணீருக்கு வருகிறேன். விடியற்காலையில் முற்றத்தில் ஏதோ உரசும் சத்தம். எட்டிப் பார்த்தேன். தீதி சுவரோரம் குந்தியிருந்தார். சாக்குத்துணி சுற்றிய ஒரு குழாய், அதன் வளைவில் மட்டும் துணியை அவிழ்த்துவிட்டு, கெட்டிலிலிருந்து வெந்நீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டிருந்தார். கொஞ்சம் ஊற்றுவார், விரலால் சுண்டிப் பார்ப்பார், காதை வைத்துக் கேட்பார், மறுபடி ஊற்றுவார். உள்ளே தண்ணீர் கல்லாக உறைந்திருந்தது. கால்மணி நேரம் கழித்துக் குழாய் ஒரு முறை இருமியது. விரல் தடிமனில் ஒரு பனித்துண்டு விழுந்தது, அவ்வளவுதான், தண்ணீர் வரவில்லை. அவர் அலட்டிக்கொள்ளாமல் எழுந்து இரண்டு பிளாஸ்டிக் கேன்களை எடுத்துக்கொண்டு சந்தின் கோடிக்குப் போனார். அங்கே ஒரு பொதுக்குழாய், ராப்பகலாகத் திறந்தே கிடக்கும். ஓடிக்கொண்டே இருந்தால் உறையாது என்பதால் அப்படி விட்டு வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் இப்படிப் பார்த்தால் ஓடிப்போய் மூடத் தோன்றும். நானும் அன்று மத்தியானம் மூடத்தான் போனேன், ஒரு தாத்தா சத்தம் போட்டார்.

கேன் ஒன்றுக்கு இருபது லிட்டர். ஒன்றையாவது நான் தூக்கி வருகிறேன் என்று வாங்கினேன். ஐம்பதடி நடப்பதற்குள் இரண்டு முறை இறக்கி வைத்தேன், மூச்சு கிடைக்கவில்லை. அவர் இன்னொரு கேனோடு முன்னால் போய் வாசலில் எனக்காக நின்றுகொண்டிருந்தார். கொண்டுவந்த தண்ணீரைச் சுட வைக்க விறகு வேண்டும், அங்கே காடு கிடையாது. கீழேயிருந்து லாரியில் வர வேண்டும். கேஸ் சிலிண்டரும் அப்படியே. பற்றாக்குறைக்குக் காய்ந்த சாணம்.

கழிப்பறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. செயலிகளில் "அட்டாச்டு பாத்ரூம்" என்று போட்டு முந்நூறு நானூறு கூட வாங்குகிறார்கள். கோடையில் சரி. குழாய் உறைகிற மாதங்களில் அது வெறும் பீங்கான் தொட்டி, அதன் வாயிலும் பனிக்கட்டி. தீதி வீட்டில் இருந்தது உள்ளூர் உலர் கழிப்பறை. மாடியில் ஒரு சின்ன அறை, மண் தரை, நடுவில் நீள்சதுர ஓட்டை, மூலையில் மண்ணும் சாம்பலும் கலந்த குவியல், ஒரு மண்வாரி. போய்விட்டு இரண்டு வாரி மண் தள்ள வேண்டும், முடிந்தது. கீழ் அறையில் சேருவது மக்கி வசந்தத்தில் வயலுக்கு எருவாகப் போகும். முதல் நாள் எனக்குக் கூச்சம். இரண்டாம் நாள் கவனித்தேன், நாற்றம் இல்லை, ஈ இல்லை. நம் ஊர்ப் பேருந்து நிலையக் கழிப்பிடங்களோடு ஒப்பிட்டால் சொர்க்கம். கழுவிக்கொள்ளும் பழக்கம் உள்ள நமக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர் போதும், அதற்கு மேல் உள்ளே ஊற்றக் கூடாது. குழி ஈரமாகிவிட்டால் மக்காது.

பகலில் எல்லோரும் இருப்பது சமையலறையில்தான். நடுவில் தந்தூர். ரொட்டி சுடும் தந்தூர் என்று நினைத்துவிடாதீர்கள், ஸ்பிதியில் தந்தூர் என்றால் தகரப் பெட்டி அடுப்பு, அதிலிருந்து கூரை வழியாக வெளியே போகும் ஒரு புகைக்குழாய். சுற்றிலும் தாழ்வான பலகைகள், கம்பளம். மேலே கெட்டில் எப்போதும் கொதிக்கும். கொதிக்கும் என்றாலும் நம் சூடு இல்லை, அந்த உயரத்தில் தண்ணீர் 87, 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அரிசி சரியாக வேகாது, ராஜ்மாவைப் பற்றிப் பேசவே வேண்டாம். காலையில் பரோட்டா, அதாவது அவர்கள் ஊர் உருளைக்கிழங்குப் பரோட்டா. மத்தியானம் ராஜ்மா சாதம், ராத்திரி துக்பா என்ற நூடுல்ஸ் சூப். இரண்டாம் நாள் என் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தந்தூர் பக்கத்தில் உருக வைத்தேன். தீதி எடுத்து முகர்ந்து பார்த்து, சமைப்பதற்கா என்று கேட்டார். தலைக்கு என்றதும் ஒரு சிரிப்பு. அப்புறம் கொஞ்சம் வாங்கிக் கையின் வெடிப்பில் தேய்த்துக்கொண்டார்.

இனி அறை எடுக்கிறவர்களுக்கு. புதிதாகக் கட்டிய சிமெண்ட் விடுதி போட்டோவில் பளிச்சென்று இருக்கும், ராத்திரியில் ஐஸ் பெட்டி. தடித்த மண்சுவர் வீடு கிடைத்தால் அதை எடுங்கள், பகல் வெயிலைக் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும். தெற்குப் பார்த்த ஜன்னல் உள்ள அறை கேளுங்கள். ஒரே வீட்டில் என் அறைக்கும் எதிர் அறைக்கும் சாயங்காலம் நன்றாகவே வித்தியாசம் தெரிந்தது. தந்தூர் எந்த மணி வரை எரியும், அங்கே விருந்தாளிகள் உட்காரலாமா என்று கேளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை போனால் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை, குழாயில் தண்ணீர் வரும், சோலார் கீசரும் பல இடங்களில் உண்டு, வாடகையும் அதற்கேற்றபடி ஏறியிருக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். குளிருகிறதே என்று கரி போட்ட சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். புகையே தெரியாமல் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். புகைக்குழாய் உள்ள அடுப்பு வேறு, சட்டி வேறு. வெந்நீர்ப் பை கேட்டால் கொடுப்பார்கள், காலடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தை நோட்டாகக் கொண்டுபோங்கள். ஏடிஎம் இருக்கிறது, நான் போன இரண்டு நாளும் அதில் பணம் இல்லை. நெட்வொர்க் போய்விட்டால் ஜிபேயும் வேலைக்கு ஆகாது. பார்க்க வேண்டிய இடங்கள், கீ மடாலயம், கிப்பர், ஹிக்கிம் தபால் நிலையம் பற்றியெல்லாம் யூடியூபில் நூறு பேர் சொல்லியிருக்கிறார்கள். நான் மூன்றையும் பார்த்தேன், நன்றாக இருந்தன.

ஐந்தாம் நாள் விடியுமுன் பஸ். முதல் நாள் ராத்திரியே கணக்குக் கேட்டேன். தீதி பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அறை 2,400. சாப்பாடு 1,180. இரண்டாம் வாளியிலிருந்து நான் ஐம்பது என்றே சொல்லி வந்திருந்தேன், அவரும் சரி என்று தலையாட்டியிருந்தார். மூன்றாவது வரியில் தண்ணீர்க் கணக்கு இப்படி இருந்தது: 40 + 50 + 50 + 50.