நுவார் குற்ற நாவலை எப்படிப் படிப்பது?

துப்பறியும் கதைகள் பிடிக்கும், பெருநகர ஊழலைச் சொல்லும் நுவார் (noir) எனப்படும் இருண்ட குற்ற நாவல்கள் மட்டும் பிடிபடவில்லை என்கிறீர்கள். கொலையாளி யாரென்று தேடுவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு, பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள்.

விக்ரம் சந்திராவின் 'சேக்ரட் கேம்ஸ்' (2006) இதற்குச் சரியான உதாரணம். மும்பை தாதா கணேஷ் காய்தோண்டே ஆரம்பத்திலேயே செத்துவிடுகிறான். அப்புறமும் கதையில் பெரும்பங்கைச் சொல்வது அவன்தான்! இன்ஸ்பெக்டர் சர்தாஜ் சிங் நல்ல மனுஷன், ஆனால் மாமூல் வாங்குவார். போலீஸ் சம்பளத்தில் அந்த ஊரில் காலம் தள்ள முடியாதே. மேலதிகாரி பருல்கரின் கறுப்புப் பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையும் அவருடையதுதான். இதையெல்லாம் சந்திரா, டீக்குச் சில்லறை கொடுப்பதைப் போல அலட்டாமல் சொல்லிக்கொண்டு போகிறார். எனக்கு நாவலில் மிகவும் பிடித்ததே அந்தத் தொனிதான். ஸ்டேஷன் ஓடுவதே இந்தக் காசில்தான் என்பது மெல்ல மெல்லப் புரியவரும்.

2018-இல் வந்த நெட்ஃபிளிக்ஸ் தொடரில் சர்தாஜை நேர்மையானவராக்கிவிட்டார்கள். அதனால் தொடரைப் பார்த்திருந்தாலும் நாவலைப் படியுங்கள். ஆங்கிலத்தில் சுமார் 900 பக்கம். நடுநடுவே வரும் கிளைக்கதைகள் இழுத்தால், தாண்டிப் போய்விட்டுப் பிறகு திரும்பி வரலாம்.