குறிஞ்சி ஏன் 1995-ல் பூத்தது? மார்க்டவுன் கேள்வி பதில்

கணினியில் குறிப்பெழுதும் நம் குழுவினர் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. மார்க்டவுன் என்பது நட்சத்திரம், # போன்ற சிறு குறிகளை இட்டு, சாதாரண உரையிலேயே தலைப்பு, பட்டியல், தடித்த எழுத்து ஆகியவற்றைக் காட்டும் முறை. மார்க்டவுனுக்கு வெளியே உள்ளவற்றை, பிரிண்டர் மை உட்பட, ஒதுக்கிவிட்டேன்.

உதகை வாசகர்: குறிஞ்சி பூத்த ஆண்டுகளை வரிக்கு ஒன்றாக "1994.", "2006.", "2018." என்று எழுதி, பக்கத்தில் பார்த்த இடத்தையும் குறித்தேன். திரையில் 1994, 1995, 1996 என்று தெரிகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

கெடவில்லை ஐயா. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் செடியை உங்கள் செயலி ஆண்டுதோறும் பூக்க வைத்துவிட்டது, அவ்வளவுதான். வரியின் தொடக்கத்தில் ஓர் எண், ஒரு புள்ளி, ஓர் இடைவெளி வந்தால் மார்க்டவுன் அதை எண் வரிசைப் பட்டியல் என்று எடுத்துக்கொள்ளும். முதல் எண்ணை மட்டும் பார்க்கும். மற்றவற்றைத் தானே எண்ணிக்கொண்டு போகும். 2004-ல் ஜான் க்ரூபர் வெளியிட்ட மூல வடிவம் முதல் எண்ணைக்கூட மதிக்காது, எல்லாப் பட்டியலையும் 1-லிருந்து தொடங்கும். மார்க்டவுனுக்கான பொது வரையறையாக இன்றைய பல செயலிகள் பின்பற்றும் காமன்மார்க் விதிகள் தொடக்க எண்ணை மட்டும் காப்பாற்றுகின்றன.

இதற்குக் காரணம் உண்டு. பட்டியலின் நடுவே ஒரு வரியைச் செருகினால் கீழுள்ள எண்களையெல்லாம் திருத்த வேண்டியதில்லை. அந்த வசதிதான் உங்கள் காலைவாரிவிட்டது. புள்ளிக்கு முன் ஒரு பின்சாய்கோடு இடுங்கள்: 1994\. என்று. அல்லது "1994-ஆம் ஆண்டு" என்றே எழுதிவிடுங்கள். தமிழ் எண்களில் ௧. ௨. என்று எழுதினால் இந்தச் சிக்கலே வராது. அவற்றை மார்க்டவுன் பட்டியலாகப் பார்ப்பதில்லை.

கோத்தகிரி, சிறு தேயிலை விவசாயி: பச்சைத் தேயிலை எடைக் கணக்கை அட்டவணையாக எழுதுகிறேன். செங்குத்துக் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்று நிற்க மறுக்கின்றன.

நிற்காது. "கௌ" எடுக்கும் இடமும் "ர" எடுக்கும் இடமும் ஒன்றல்ல. இடைவெளி தட்டித் தட்டி நேராக்குவதில் பொழுதைக் கழிக்காதீர்கள். ஒவ்வொரு வரியிலும் கோடுகளின் எண்ணிக்கை சரியாக இருந்து, தலைப்பு வரிக்குக் கீழே சிறுகோட்டு வரி இருந்தால் போதும். கிலோ வரும் நெடுவரிசைக்குச் சிறுகோட்டு வரியில் ---: என்று வலப்பக்கம் முக்காற்புள்ளி வைத்தால் எண்கள் வலப்புறம் ஒதுங்கும். அட்டவணை பின்னால் சேர்ந்த வசதி. எல்லாச் செயலியும் காட்டாது. கூட்டிக் கழிக்கவும் செய்யாது, அதற்கு விரிதாள்தான். அட்டவணைக்கு முன் காலி வரி விடுங்கள்.

கூடலூர்: ஒரு பத்தி முழுவதும் பெரிய எழுத்தில் தலைப்பாகிவிட்டது!

பத்திக்கு அடியிலேயே --- என்று கோடு போட்டிருப்பீர்கள். ஒட்டி வந்தால் மேலே உள்ளதெல்லாம் தலைப்பு. நடுவில் காலி வரி விட்டால் அது வெறும் பிரிகோடு.

குன்னூர்: #தோட்டம் என்று எழுதினால் தலைப்பாகவில்லை.

# குறிக்குப் பின் இடைவெளி வேண்டும், தம்பி. தலைப்புக்கு முன்னும் பின்னும் காலி வரி.

படகர் சொற்களைத் தொகுக்கும் அம்மையார்: \*\*"ஹட்டி"\*\*யில் என்று எழுதினால் எழுத்து தடிக்காமல் நட்சத்திரங்களே தெரிகின்றன.

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் அம்மா. முடிக்கும் நட்சத்திரங்களுக்கு முன்னால் மேற்கோள் குறி போன்ற நிறுத்தற்குறியும் பின்னால் எழுத்தும் வந்தால், காமன்மார்க் அவற்றை முடிவாக ஏற்காது. சொல் முடிந்ததும் இடைவெளி வரும் என்று எண்ணி வகுத்த விதி அது. நமக்கோ வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டும். மேற்கோளை வெளியே எடுத்துவிடுங்கள்: "\*\*ஹட்டி\*\*"யில். அடிக்கோட்டுக் குறியைத் தமிழில் தொடவே வேண்டாம். \_ஹட்டி\_யில் என்பது வேலை செய்யாது. \*ஹட்டி\*யில் என்பது செய்யும். சொல்லின் நடுவே வரும் அடிக்கோடுகளைக் கோப்புப் பெயர்களுக்காக விட்டுவைத்திருக்கிறார்கள்.

தாவரவியல் ஆசிரியர், உதகை: செடிகளின் அறிவியல் பெயர் சாய்வெழுத்தில்தான் வர வேண்டும். ஒற்றை நட்சத்திரம்தானே?

ஆம்.

அச்சகக்காரர், கோத்தகிரி: குறுக்கிடுகிறேன். தமிழ் எழுத்தைச் சாய்ப்பது அலங்கோலம். குறிஞ்சியை ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா என்று தமிழில் எழுதிய பிறகு எதற்குச் சாய்வு?

ஆசிரியர்: மாணவன் அது அறிவியல் பெயர் என்று எப்படி அறிவான்? மரபை நம் வசதிக்கு மாற்ற முடியாது.

அச்சகக்காரர்: மரபு லத்தீன் எழுத்துக்கு. இங்கே அது கண்ணைத்தான் குத்துகிறது.

இதன்பின் இருவரும் எழுதியதை வெளியிட்டால் இந்த இதழ் போதாது. என் கட்சி: அச்சகக்காரர் கண்ணுக்கு நியாயம், ஆசிரியர் வாதத்துக்கு நியாயம், ஆனால் இருவரும் தவறான இடத்தில் சண்டையிடுகிறார்கள். ஒற்றை நட்சத்திரம் "சாய்" என்று சொல்வதில்லை; "இது அழுத்தம் பெற்ற சொல்" என்று மட்டுமே சொல்கிறது. அதைச் சாய்ப்பதா, பச்சை நிறத்தில் காட்டுவதா என்பது, தோற்றத்தை முடிவுசெய்யும் நடைத்தாளின் வேலை. ஆசிரியர் குறியிடட்டும், அச்சகக்காரர் தம் நடைத்தாளில் சாய்வை எடுத்துவிட்டு நிறம் கொடுக்கட்டும். ஒரே கோப்பு இருவருக்கும் உதவும். தடித்த எழுத்துக்கு மாற்றினாலும் எனக்கு மறுப்பில்லை, ஆனால் அது இரட்டை நட்சத்திரத்தோடு குழம்பும். ஆசிரியர் இன்னொரு நீண்ட மறுப்பு அனுப்பியிருக்கிறார். படித்தேன்.

குந்தா: பாட்டின் நான்கு அடிகளும் ஒரே வரியாகச் சேர்ந்துவிட்டன.

அடியின் முடிவில் பின்சாய்கோடு. இரண்டு இடைவெளி வைத்தாலும் மடங்கும், ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது. சில செயலிகள் சேமிக்கும்போது துடைத்தும்விடும்.

அரவேணு: இரண்டு பத்திகள் ஒட்டிக்கொள்கின்றன.

காலி வரி.

மஞ்சூர்: பட்டியல் முந்தைய பத்தியோடு...

காலி வரி. மேலே படியுங்கள்.

கொடைக்கானல்: எந்தச் செயலி சிறந்தது?

கோப்பை உங்கள் கணினியிலேயே .எம்டி (.md) கோப்பாக வைக்கும் எதுவும். மழையில் இணையம் போனாலும் குறிப்பு கையில் இருக்கும்.

குன்னூர், ஓய்வுபெற்ற எழுத்தர்: பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகளில் # சேர்த்தால் தலைப்பு வருகிறது, ஆனால் எழுத்தெல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாக இருக்கிறது.

மார்க்டவுன் குற்றமில்லை ஐயா. அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டிருந்தது. முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், குறியெல்லாம் அதற்குப் பிறகு. முன்பே குறியிட்டால், எழுத்தை மாற்றும் செயலி நட்சத்திரத்தையும் ஓர் எழுத்தாக எண்ணி விழுங்கக்கூடும்.