நாற்பது வருடம் இருந்தவரை எப்படித் திருப்பி அனுப்புவார்கள்?

தம்பி, மற்றவர்களுக்கும் புரிவதற்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். மினசோட்டாவின் செயின்ட் பாலில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் லாவோஸ் மலைப்பகுதி மக்களான மொங் இனத்தவர். கைக்குழந்தையாகத் தாய்லாந்து முகாமிலிருந்து வந்தவர். வருடாவருடம் போடும் கையெழுத்துக்குப் போனவரை ஐஸ் (குடிவரவு அமலாக்கத் துறை) அதிகாரிகள் உள்ளே வைத்துவிட்டார்கள். "அகதியாகக் கூட்டி வந்தவர்களே திருப்பி அனுப்பலாமா? எந்த நாட்டுக்கு? அவர் வீட்டாருக்கு என்ன சொல்வது? கிரீன் கார்டு வாங்கி ஒரு வருடமே ஆன எங்களுக்கும் இது வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனே பதில்: வரலாம். குடியுரிமை வாங்கும்வரை அந்த வாசல் மூடுவதில்லை. மற்றதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

வருடாவருடம் கையெழுத்துக்குப் போகிறார் என்றால், அவர்மேல் இறுதி வெளியேற்ற உத்தரவு ஏற்கெனவே இருக்கிறது என்றுதான் பெரும்பாலும் பொருள். உத்தரவு இருப்பது வேறு, விமானத்தில் ஏற்றுவது வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தாள் நிற்கிறது: "இவர் எங்கள் ஆள், ஏற்றுக்கொள்கிறோம்" என்று ஏற்கும் நாடு தரும் பயணத் தாள். லாவோஸும் கம்போடியாவும் வியட்நாமும் பல ஆண்டுகள் அதைத் தரவில்லை. அதனால் ஐ-220பி என்ற கண்காணிப்பு உத்தரவைக் கையில் கொடுத்து வெளியே விட்டுவைத்தார்கள். அவர்களும் வேலை பார்த்தார்கள், வரி கட்டினார்கள், பிள்ளை பெற்றார்கள். உத்தரவு மட்டும் கோப்பில் அப்படியே கிடந்தது.

அந்தத் தாள் ஏன் இவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதில் போர் வருகிறது. 1964 முதல் 1973 வரை அமெரிக்கா லாவோஸ் மீது 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டது. சொந்த நாட்டு மக்களுக்கே சொல்லாமல் நடத்திய அந்தப் போரில் தரையில் நின்று செத்தவர்கள் ஜெனரல் வாங் பாவின் கீழ் சிஐஏ ஆயுதம் கொடுத்துத் திரட்டிய மொங் படையினர். 1975இல் ஆட்சி மாறியதும் அவர்கள் துரோகிகள் ஆனார்கள். மேகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்தின் பான் வினாய் போன்ற முகாம்களில் ஒதுங்கினார்கள். கெமர் ரூஜ் ஆட்சியில் தப்பிய கம்போடியர்களுக்குக் காவ்-ஐ-டாங் முகாம். முகாமில் பிறந்த குழந்தைக்குத் தாய்லாந்து குடியுரிமை தரவில்லை. பெற்றோரின் நாட்டுப் பதிவேட்டில் பெயரே ஏறியதில்லை. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவேளை லாவோஸ் மண்ணை மிதித்தேயிருக்க மாட்டார். "திருப்பி அனுப்புவது" என்ற சொல்லே அவருக்குப் பொருந்தாது.

1980 அகதிகள் சட்டத்தின்படி வந்தவர்களுக்கு முதலில் 36 மாதம் பண உதவி இருந்தது. 1982இல் அது 18 மாதமாயிற்று, 1991இல் 8 மாதமாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாத மலை விவசாயி எட்டே மாதத்தில் ஆங்கிலம் படித்து வேலைக்குப் போய்விட வேண்டும் என்பது கணக்கு. லாங் பீச், ஸ்டாக்டன், ஃப்ரெஸ்னோ, செயின்ட் பால் என்று வாடகை குறைந்த பகுதிகளில் குவிந்தார்கள். பையன்கள் அந்தத் தெருவின் கும்பல்களுக்கு நடுவே வளர்ந்தார்கள். சிலர் சேர்ந்தார்கள், சிலர் வழக்குகளில் மாட்டினார்கள்.

இவர்கள் உத்தரவில் சிக்கியதற்கு யாரும் அதிகம் பேசாத இன்னொரு காரணம், குடியுரிமைக்கான ஆங்கிலத் தேர்வு. மொங் மொழிக்கு இன்று பரவலாகப் புழங்கும் ரோமன் எழுத்துமுறையே 1950களில்தான் வந்தது. அந்தத் தலைமுறையால் குடியுரிமைத் தேர்வு எழுத முடியவில்லை. மொங் வீரர்களுக்கும் அவர்கள் மனைவியருக்கும் ஆங்கிலத் தேர்வை விலக்கும் சட்டம் 2000இல்தான் வந்தது, அதுவும் 45,000 பேர் வரைக்கும். பெற்றோர் குடியுரிமை பெற்றால் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் அது தானாக வரும். ஆனால் 2001 பிப்ரவரி 27 வரை இருந்த பழைய விதிப்படி பொதுவாகத் தாய் தகப்பன் இருவருமே பெற்றிருக்க வேண்டும். அந்தத் தேதியில் 18 தாண்டியிருந்தவர்களுக்குப் புதிய விதி கிடையாது. தாய்க்கு வாக்குரிமை, மகனுக்கு வெளியேற்ற உத்தரவு என்று ஒரே வீட்டுக்குள் இருப்பது இப்படித்தான்.

இதன்மேல்தான் 1996இன் இரண்டு சட்டங்கள் விழுந்தன. 'கடுங்குற்றம்' என்ற பட்டியலை நீட்டினார்கள். திருட்டுக்கோ வன்முறைக்கோ ஐந்து ஆண்டுத் தண்டனை இருந்தால்தான் என்றிருந்ததை ஓராண்டாக்கினார்கள், அதையும் பழைய வழக்குகளுக்கும் சேர்த்து. உள்ளே ஒருநாள் கூட இருந்திருக்க வேண்டாம், நிறுத்திவைத்த தண்டனையும் கணக்கில் சேரும். கடையில் திருடியதற்கு 364 நாள் என்றால் ஒரு விளைவு, 365 நாள் என்றால் கடுங்குற்றம். அந்த ஒரு நாளை அன்றைக்கு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அந்தப் பட்டியலில் விழுந்தவரிடம் குடிவரவு நீதிபதி குடும்பத்தையோ வேலையையோ திருந்தியதையோ எடைபோட முடியாது. பெரும்பாலும் கையைக் கட்டிப்போட்டுவிட்டது சட்டம்.

அகதி என்ற கவசம் என்னாயிற்று என்கிறீர்கள். கிரீன் கார்டுக்கு மாறியபின் அகதியாக வந்ததே வெளியேற்றத்தைத் தடுக்காது என்று குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 2005இல் ஸ்மிரிகோ வழக்கில் சொல்லிவிட்டது. இலங்கையிலிருந்து தஞ்சம் கேட்டு வந்து கிரீன் கார்டு எடுத்த நம் ஆட்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

பிறகு நடந்தது தாளுக்கான பேரம். கம்போடியா 2002 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டது, அந்த ஆண்டே ஆட்களை அனுப்பத் தொடங்கினார்கள். வியட்நாமோடு 2008இல் போட்ட ஒப்பந்தம் 1995 ஜூலை 12க்கு முன் வந்தவர்களை விலக்கி வைத்தது. 2020இல் வந்த புதிய உடன்படிக்கை அந்த வேலியையும் பிரித்துவிட்டது. லாவோஸ் ஒப்பந்தம் எதுவும் போடவில்லை. 2018இல் அதன் அதிகாரிகளுக்கு விசா தடை, 2025 ஜூனில் பயணத் தடை என்று நெருக்கினார்கள். 2025இல் லாவோஸ் கணிசமாகத் தாள் கொடுக்கத் தொடங்கியது. நேற்றுவரை கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்பியவர் இன்று திரும்பாததற்குக் காரணம் அவர் புதிதாக எதையும் செய்ததல்ல, இந்தப் பேரம்தான்.

இனி வீட்டார் செய்ய வேண்டியது. முதல் வேலை அவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிப்பது. ஐஸ் இணையத் தேடலில் ஏ-எண்ணும் (குடிவரவுக் கோப்பு எண்) பிறந்த நாடும் கேட்கும். முகாமில் பிறந்தவருக்குக் கோப்பில் 'தாய்லாந்து' என்றும் இருக்கலாம், 'லாவோஸ்' என்றும் இருக்கலாம். ஒன்றைப் போட்டு 'இல்லை' என்று வந்தால் மற்றதைப் போட்டுப் பாருங்கள். பாதிப் பேர் இந்த இடத்திலேயே ஆளைக் காணோம் என்று பதறுகிறார்கள்.

அடுத்தது வேகம். டெக்சஸுக்கோ லூசியானாவுக்கோ மாற்றிவிடுவது வழக்கம். ஆட்கொணர்வு மனுவை, தாக்கல் செய்யும் நேரத்தில் அவர் எந்த மாவட்டத்தில் இருக்கிறாரோ அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் போட வேண்டும். போட்டபின் மாற்றினாலும் வழக்கு அங்கேயே நிற்கும். மாற்றியபின் போட்டால் வேறு ஊர், வேறு சட்டக் காற்று. கட்டணம் 5 டாலர்தான், செலவெல்லாம் வழக்கறிஞருக்கு. குடிவரவு வழக்கில் அரசு வழக்கறிஞர் வைத்துத் தராது. குடிவரவு நீதிமன்றம் மட்டுமே பழகியவரிடம் போகாமல், கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டிருக்கிறாரா என்று கேட்டு அமர்த்துங்கள். 'நோட்டாரியோ' என்று பலகை மாட்டியிருப்பவர் வழக்கறிஞரே அல்ல.

மனுவுக்கு இரண்டு பிடிகள் உண்டு. ஒன்று 2001இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஸாட்விடாஸ் தீர்ப்பு. அதோடு சேர்த்துத் தீர்க்கப்பட்டது கம்போடியாவில் பிறந்த கிம் ஹோ மா என்பவரின் வழக்கு. விரைவில் அனுப்பிவிடும் வாய்ப்பு இல்லாத ஒருவரை ஆறு மாதத்துக்கு மேல் அடைத்து வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். முன்பு உள்ளே இருந்த நாட்களையும் சேர்த்து எண்ணச் சொல்லி வாதிடலாம். சில நீதிபதிகள் ஏற்பார்கள், சிலர் மாட்டார்கள். இரண்டாவது பிடி இன்னும் கூர்மையானது. கண்காணிப்பில் வெளியே இருந்தவரை மறுபடி அடைக்க ஐஸின் சொந்த விதிகளே காரணம் சொல்லும் அறிவிப்பும், அவர் தரப்பைக் கேட்கும் நேர்காணலும் வேண்டும் என்கின்றன. அதைச் செய்யாமல் பிடித்ததற்காக 2025இல் பலரை நீதிபதிகள் விடுவித்தார்கள். ஆகவே அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: பிடித்த அன்று ஏதாவது தாள் கொடுத்தார்களா, யாராவது உட்கார்ந்து பேசினார்களா? தேதியோடு எழுதி வையுங்கள்.

கையெழுத்து விஷயத்தில் ஒரு தவறான அறிவுரை சுற்றுகிறது. "எதிலும் கையெழுத்துப் போடாதே" என்பார்கள். உரிமையை விட்டுக்கொடுக்கும் தாளில் போடக் கூடாது என்பது சரி. பயணத் தாளுக்கான விண்ணப்பத்துக்கே ஒத்துழைக்க மறுத்தால் மேலே சொன்ன ஆறு மாதக் கடிகாரம் நின்றுவிடும், தனிக் குற்றமாகவும் ஆகலாம். எந்தத் தாள் எது என்று வழக்கறிஞர் பார்த்துச் சொல்லட்டும்.

ஆட்கொணர்வு மனு ஆளை வெளியே கொண்டுவரும், உத்தரவைக் கிழிக்காது. அதற்குப் பழைய தண்டனையை அடியிலிருந்தே அசைக்க வேண்டும். 2010இன் படீலா தீர்ப்புக்குப்பின், குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடுகடத்தல் வரும் என்று சொல்லாத குற்றவியல் வழக்கறிஞர் கடமை தவறியவர். ஆனால் அதற்கு முன் முடிந்துபோன வழக்குகளுக்கு அது செல்லாது என்று 2013இல் சொல்லிவிட்டார்கள். மிச்சம் மாநிலச் சட்டம்தான். கலிஃபோர்னியாவில் தண்டனைச் சட்டம் 1473.7 பிரிவு இதற்கென்றே 2017இல் வந்தது. மினசோட்டாவில் வழி குறுகல், கெடுவும் கடுமை. எங்கே செய்தாலும் ரத்து உத்தரவில் "சட்டப் பிழை இருந்ததால்" என்ற காரணம் இருக்க வேண்டும். "திருந்திவிட்டார்", "குடும்பம் கஷ்டப்படும்" என்று எழுதினால் குடிவரவு நீதிமன்றம் அந்த ரத்தை மதிக்காது. பதிவை மூடி முத்திரையிடுவதும் பயன்படாது. இதையெல்லாம் செய்ய மூலக் கோப்பு வேண்டும். பழைய கோப்புகளைச் சில நீதிமன்றங்கள் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப்பின் அழித்துவிடும் என்பதால், சான்றளித்த நகலுக்கு இந்த வாரமே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.

மன்னிப்பு இன்னொரு வழி. மினசோட்டாவில் ஆளுநர், மாநிலத் தலைமை அரசு வழக்கறிஞர், தலைமை நீதிபதி மூவரும் அமரும் வாரியம் தர வேண்டும். முழு மன்னிப்பு கடுங்குற்றம் என்ற காரணத்தை நீக்கும். போதைப்பொருள், துப்பாக்கி, குடும்ப வன்முறை வழக்குகளுக்கு அது உதவாது. தண்டனை ரத்தானபின் குடிவரவு வழக்கைத் திறக்க மனுப் போட வேண்டும். 90 நாள் கெடு எப்போதோ போயிருக்கும், அதனால் அரசுத் தரப்பையும் சேர்ந்து கையெழுத்திடக் கேட்பார்கள், அல்லது நீதிபதியே தானாகத் திறக்கும்படி வேண்டுவார்கள். கம்போடியாவுக்கு அனுப்பப்பட்டபின் தண்டனை ரத்தாகி அமெரிக்கா திரும்பியவர்களும் உண்டு, ஆக விமானம் கிளம்பியதும் எல்லாம் முடிந்ததாக வீட்டார் நினைக்க வேண்டாம்.

மூன்றாம் நாட்டு அபாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 2025இல் வியட்நாம், லாவோஸ் ஆட்கள் சிலரைத் தெற்கு சூடானுக்கும் எஸ்வாட்டினிக்கும் அனுப்பினார்கள். அந்த ஜூலை மாத உள்குறிப்பின்படி முன்னறிவிப்பு 24 மணி நேரம், அவசரமென்றால் 6 மணி நேரம். அவரைக் கேட்காமலே அனுப்ப முடியும் என்பதால், "வேறு எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் எனக்குப் பயம் இருக்கிறது, விசாரிக்க வேண்டும்" என்று இப்போதே எழுத்தில் கொடுத்து நகலை வழக்கறிஞரிடம் வைக்கட்டும்.

தெருவில் இறங்கிப் போராடுவது வீண் என்று சொல்லமாட்டேன். 2016இல் மினசோட்டாவில் எட்டுக் கம்போடியர்களைப் பிடித்தபோது அவர்களின் மனைவியரும் சகோதரிகளும் சேர்ந்து இயக்கம் நடத்திச் சிலரை வெளியே எடுத்தார்கள். தென்கிழக்காசியர்களுக்கு விலக்குக் கேட்கும் மசோதா 2022இல் முதலில் வந்தது, இன்னும் சட்டமாகவில்லை. நடைமுறையில் உங்களால் ஆவது: முதலாளி, கோயில், பள்ளி ஆகியோரிடமிருந்து கடிதங்கள் திரட்டுவது, வழக்கு நாளில் நீதிமன்றத்தில் போய் உட்காருவது, கார் தவணை, மருந்துச் சீட்டு, பிள்ளைகள் பொறுப்பு ஆகியவற்றுக்கு அவர் மனைவிக்கு அதிகாரப் பத்திரம் எழுத உதவுவது.

இனி நீங்கள். கார்டில் உள்ள தேதியிலிருந்து ஐந்து ஆண்டுக்கு 90 நாள் முன்பே என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பத்தைப் போடலாம். தள்ளிப்போடாதீர்கள். அகதியாக வந்தவருக்கு அந்த ஐந்து ஆண்டு வந்திறங்கிய நாளிலிருந்தே ஓடும். வீடு மாறினால் பத்து நாளுக்குள் ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவத்தைப் போடுங்கள். யாராவது ஒரு சின்ன வழக்கில் மாட்டினால், குற்றவியல் வழக்கறிஞர் "ஒப்புக்கொள், சிறை இல்லை, ஆறு மாதத்தில் தள்ளுபடி" என்பார். குற்றத்தை ஒப்புக்கொண்டு நீதிபதி ஏதாவது கட்டுப்பாடு விதித்திருந்தால், பிறகு தள்ளுபடியானாலும் குடிவரவுச் சட்டத்துக்கு அது தண்டனைதான். ஒப்புக்கொள்ளும் முன் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பணம் கொடுத்துக் கேளுங்கள். பழைய வழக்கு உள்ள யாராவது தெரிந்தால், வெளிநாட்டுப் பயணம், கார்டு புதுப்பித்தல், என்-400 மூன்றிலும் கைரேகை ஓடும் என்று சொல்லுங்கள். வழக்கறிஞர் கோப்பைப் பார்க்கும்வரை மூன்றையும் தொடக் கூடாது.

ஒன்று விட்டுப்போயிற்று. அவர் உள்ளேயிருந்து உங்களுக்குத் தொலைபேசியில் பேசினால் பழைய வழக்கைப் பற்றியோ, எங்கே பிறந்தார் என்பதைப் பற்றியோ பேசாதீர்கள். அந்த அழைப்புகள் பதிவாகும். அவர் எந்த ஊர்க்காரர் என்பதுதான் அந்தப் பயணத் தாளுக்கு அதிகாரிகள் தேடும் விவரமே.