மரத்தூள் கலந்த தொட்டியில் கத்தரி மஞ்சளாவது பற்றி

வணக்கம். புதிய மரத்தூளை மண்ணில் கலந்த சில வாரங்களில் கத்தரியின் அடியிலைகள் மஞ்சளாயின என்று எழுதியிருக்கிறீர்கள். நோயைவிடத் தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றாக்குறையையே நான் சந்தேகிக்கிறேன். மரத்தூளில் ஒரு பங்கு தழைச்சத்துக்குப் பல நூறு பங்கு கரிமம் (கார்பன்) உண்டு. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்களுக்கோ ஏறத்தாழ 25 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து தேவை என்பதால், போதாததை, வேர்கள் உறிஞ்சும் தழைச்சத்து வடிவங்களான மண்ணிலுள்ள அம்மோனியத்திலிருந்தும் நைட்ரேட்டிலிருந்தும் எடுத்துத் தம் உடலில் சேர்த்துக்கொள்கின்றன. அது தொலைந்துவிடவில்லை, அவை மடிந்து மட்கும்போது மீண்டும் வேருக்குக் கிடைக்கும், ஆனால் அதற்கு மாதங்கள் ஆகலாம், கத்தரி அதுவரை தாங்காது. ஆகவே ஊறவைத்த கடலைப் பிண்ணாக்குக் கரைசலை நன்கு நீர்த்து வாரம் ஒருமுறை ஊற்றுங்கள். யூரியா விரைவாக வேலை செய்யும், எனினும் தொட்டியில் அளவு மிஞ்சினால் வேர் கருகும். மீதமுள்ள மரத்தூளை மண்ணில் கலக்காமல் மூடாக்காக மேலே பரப்பினால், நுண்ணுயிர்களுக்கும் வேருக்கும் இடையிலான இந்தத் தழைச்சத்துப் போட்டி பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிடும்.