கப்பல் நின்றுபோனால் பையன் கதி என்ன?

கேட்டரிங் முடித்த மகன் சொகுசுக் கப்பல் வேலைக்குப் போகிறேன் என்று நிற்கிறான், மறுபடி கொரோனா மாதிரி ஒன்று வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. நியாயமான பயம்தான். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் டைமண்ட் பிரின்சஸ் என்ற சொகுசுக் கப்பலை நிறுத்தி வைத்தபோது உள்ளே இருந்த 3,711 பேரில் 700 பேருக்கு மேல் தொற்று வந்தது. பயணிகளை அறைக்குள் இருக்கச் சொல்லிவிட்டார்கள், ஆனால் கதவுகதவாகத் தட்டி அவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தது ஊழியர்கள்தான். அந்த ஊழியர்களில் 132 பேர் இந்தியர்கள்.

ஆனால் அந்த வருஷம் பெரும்பாலான ஊழியர்களை வாட்டியது நோயைவிட, வீட்டுக்கு வர வழியில்லாததுதான். மார்ச் நடுவில் கப்பல்கள் நின்றன, பயணிகள் இறங்கினார்கள், ஊழியர்களை இறக்கப் பல துறைமுகங்கள் சம்மதிக்கவில்லை, விமானமும் இல்லை. கடைசியில் கம்பெனிகளே பஹாமாஸ் பக்கம் கப்பல்களைக் கூட்டி, ஆட்களை ஊர்வாரியாகப் பிரித்து ஏற்றி, அந்தந்த நாட்டுக்கு ஓட்டிப் போக வேண்டியதாயிற்று. மரெல்லா டிஸ்கவரி என்ற சொகுசுக் கப்பல் மும்பைக்கு வந்து நின்ற பிறகும், மத்திய அரசு புது விதிமுறை போட்ட பிறகுதான் நம் பையன்கள் ஏப்ரல் கடைசியில் இறங்கினார்கள்.

காத்திருந்த நாட்களில் ஒரு வேடிக்கை. ஜன்னலே இல்லாத கீழ்த்தளத்தில் இரண்டு பேராகப் படுத்திருந்தவர்களில் பலருக்குப் பயணிகளின் அறையே தனியாகக் கிடைத்தது. பால்கனி எல்லாம் உண்டு, டிப்ஸ்தான் இல்லை! ஒப்பந்தம் முடிந்ததும் பலருக்குச் சம்பளமும் நின்றது.

இங்கேதான் உங்கள் மகன் யோசிக்க வேண்டும். நிறுத்தி வைத்த கப்பலுக்கும் ஆள் வேண்டும்: ஜெனரேட்டர் ஓட வேண்டும், நங்கூரத்தைப் பார்க்க வேண்டும், காலி அறைகளில்கூட குழாய்களைத் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் தேங்கின தண்ணீரில் கிருமி வளரும். அதற்கெல்லாம் இன்ஜின், டெக் ஆட்களோடு ஒரு சிறு கூட்டம் போதும். வெயிட்டர், பார், ஹவுஸ்கீப்பிங் எல்லாம்தான் முதலில் வீட்டுக்கு. சமையலிலும் ஒரு சிலரே மிஞ்சுவார்கள்.

அதனால் போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2021 நடுவில் அமெரிக்காவில் கப்பல்கள் திரும்ப ஓடின, ஆட்களைக் கூப்பிடவும் செய்தார்கள். ஆனால் நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டை. முதல் ஒப்பந்தப் பணத்தில் பைக் வாங்காமல் ஆறு மாத வீட்டுச் செலவை ஒதுக்கச் சொல்லுங்கள், கரையில் ஒரு ஹோட்டல் கிச்சனில் நிற்கிற அளவுக்குக் கையில் தொழிலும் இருக்கட்டும்.

அப்புறம் ஏஜென்ட் விஷயம். அவரிடம் ஆர்.பி.எஸ்.எல்., அதாவது கப்பல் வேலைக்கு ஆள் எடுப்பதற்கான உரிமம் இருக்கிறதா என்று மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்தில் பாருங்கள். வேலை வாங்கித் தர என்று அவர் பணம் கேட்கவே கூடாது. கப்பல் முதலாளி கைவிட்டால் ஊர் திரும்பும் செலவுக்கும் நான்கு மாதம் வரையிலான சம்பள பாக்கிக்கும் காப்பீடு இருக்க வேண்டும் என்பது சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை விதி, அதன் சான்றிதழ் கப்பலிலேயே ஒட்டியிருக்கும்.

நகையை அடகு வைக்கப் போவதாக எழுதியிருந்தீர்களே, அதை இந்த வாரம் செய்ய வேண்டாம். முதலில் ஆஃபர் லெட்டரை எனக்கு அனுப்புங்கள், எல்லாப் பக்கமும்.