ஆளில்லாத பீச்சு வேற, அனுமதி உள்ள பீச்சு வேற: நியூட் பீச் பத்தி நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

நான் மலேசியா, பினாங்கு, ஆயர் ஈத்தாம். வயசு 52. வீட்டுக்காரருக்கு வேலை சிட்னில இருந்ததால ஏழு வருஷம் அங்கதான் குடும்பம், துணியில்லாம இருக்க அனுமதி உள்ள பீச்சுக்கு, அதாவது நியூட் பீச்சுக்குப் போற பழக்கமும் அங்க வந்ததுதான். எப்பவோ ஒரு தடவ இத பத்தி பேசிட்டேன், அதுல இருந்து ஆளாளுக்கு தனியா கேட்டுக்கிட்டே இருக்கீங்க, அதான் எல்லாத்துக்கும் ஒரே எடத்துல பதில் சொல்லிடுறேன். பேரு எதுவும் போடல.

கே: அக்கா, வெளிநாடு எதுக்கு, நம்ம தெலுக் பஹாங் நேஷனல் பார்க்குள்ள நடந்து போனா ஆளே இல்லாத பீச்சு இருக்கே? (பட்டர்வொர்த் தம்பி)

ப: வேணாம் தம்பி, வேணவே வேணாம். 2014ல அதே பார்க்குல தெலுக் கம்பி பீச்சுல சில பேரு துணியில்லாம விளையாட்டுப் போட்டி நடத்துனாங்க, வீடியோ வெளிய வந்துச்சு, கேஸாகி ஜெயிலுக்குப் போனாங்க. மறுவருஷம் கினபாலு மலை உச்சில துணிய அவுத்த வெளிநாட்டுக்காரங்க நாலு பேருக்கு மூணு நாள் ஜெயில், ஆளுக்கு 5,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம். நம்ம நாட்டுல பீனல் கோடு 294வது பிரிவு இருக்கு, பொது எடத்துல ஆபாசம்னு சொல்லி மூணு மாசம் வரைக்கும் உள்ள போடலாம். அங்க யாரும் இல்லைங்கிறது அனுமதி கிடையாது. பாலி, புக்கெட், கோவா மூணுக்கும் இதே பதில்தான், எங்கயும் சட்டப்படி கிடையாது.

கே: பிப்ரவரில பெர்த் போறோம், நானும் வீட்டுக்காரரும். எங்க போலாம்? (செந்தூல்)

ப: ஸ்வான்பர்ன் பீச்சு. டவுன்ல இருந்து பக்கம், கார் இருந்தா சுலபம். கார் நிறுத்துற எடத்துல இறங்குன உடனே அவுத்துறாதீங்க, அது சாதாரண பீச்சு, வடக்கு பக்கமா நடந்து போனா அங்க இருந்துதான் அந்தப் பகுதி. அதுக்கும் மேல ராணுவத்தோட சுடுற திடல் இருக்கு, போர்டு பாத்தா நின்னுக்குங்க. காலைல சீக்கிரமே போயிட்டு மத்தியானத்துக்குள்ள கிளம்பிடுங்க, ஏன்னா வெயில் காலத்துல மத்தியானத்துக்கு மேல கடல்ல இருந்து ஒரு பலமான காத்து கிளம்பும், ஃப்ரீமான்டல் டாக்டர்னு சொல்வாங்க, மணலை வாரி அடிக்கும், துணியில்லாத உடம்புல அது ஊசியா குத்தும்.

சிட்னின்னா லேடி பே. சர்க்குலர் கீல இருந்து வாட்சன்ஸ் பேக்கு ஃபெர்ரி, அங்க இருந்து கேம்ப் கோவ் தாண்டி நடக்கணும், பாறைக்குக் கீழ இறங்குனா சின்னதா ஒரு பீச்சு. 1976லயே அனுமதி குடுத்துட்டாங்க. துறைமுகத்துக்கு உள்பக்கமா இருக்கறதால அலை சாது, ஆனா தண்ணி ஏறுற நேரம் உக்கார எடமே இருக்காது, டைட் நேரம் பாத்துட்டுப் போங்க. ஆம்பளைங்கதான் அதிகம் வருவாங்க. அடிலெய்ட் பக்கம் மாஸ்லின் பீச்சு, 1975ல ஆஸ்திரேலியால முதல் முதலா அனுமதி வாங்குன எடம், தெக்கு ஓரம் மட்டும்தான். எனக்கு மூணுலயும் அதுதான் ரொம்ப பிடிக்கும், அந்தக் கலர் கலரான மலைச்சரிவ பாத்துக்கிட்டே நடக்கலாம்.

கோல்ட் கோஸ்ட் போறவங்க கவனம், குயின்ஸ்லாந்துல ஒண்ணு கூட சட்டப்படி கிடையாது. பைரன் பே பக்கம் டியாகரால பல வருஷம் இருந்த அனுமதியையும் 2024ல எடுத்துட்டாங்க. அதனால பழைய தகவல நம்பாம, கிளம்புறதுக்கு முன்னாடி அந்த ஊர் கவுன்சில் இல்ல பார்க் நிர்வாகத்தோட வெப்சைட்டுல ஒரு தடவ பாத்துருங்க.

கே: கண்டிப்பா அவுக்கணுமா?

ப: நான் சொன்ன எடத்துலலாம் இல்ல, உங்க இஷ்டம். ஐரோப்பால சில ரிசார்ட்டுல மட்டும் கட்டாயம்.

கே: தனியா போற பொண்ணு நான், பயமா இருக்கு. யாருமே இல்லாத எடமா பாத்தா நல்லதுதானே? (கிள்ளான் தங்கச்சி)

ப: அது தப்பு தங்கச்சி, இத நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு தடவ நாங்க ரெண்டு பேரும் கூட்டமே வேணாம்னு யாரும் வராத ஒரு சின்ன வளைகுடாவுக்குப் போனோம், நிம்மதியா இருக்கும்னுதான் போனோம், அரை மணி நேரம் கழிச்சுப் பாத்தா மேல புதருக்குள்ள ஒருத்தன் போன வச்சுக்கிட்டு உக்காந்துருக்கான். துணிய மாட்டுறதுக்குள்ள கை நடுங்கிருச்சு, அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல. கொஞ்ச மாசம் கழிச்சு லேடி பேல அதே மாதிரி ஒருத்தன் போன தூக்குனான், நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி பக்கத்துல இருந்த ஒரு வயசானவரும் இன்னும் ரெண்டு பேரும் எந்திரிச்சுப் போயி சத்தம் போட்டு அவன அனுப்பிட்டாங்க. அங்க பழகுனவங்க அந்த எடத்த காப்பாத்துறாங்க, ஒதுக்குப்புறத்துல உங்களுக்கு யாரு இருக்கா? அனுமதி உள்ள எடமா போங்க, சனி ஞாயிறு காலைல போங்க, குடும்பமா வந்தவங்க இல்ல வயசான ஜோடிங்க பக்கத்துல டவல் விரிங்க, எங்க போறீங்கன்னு ஒருத்தர்கிட்டயாச்சும் சொல்லிட்டுப் போங்க. யாராச்சும் வந்து ஒட்டுனா மரியாதை பாக்காம எந்திரிச்சு எடம் மாறுங்க. பாஸ்போர்ட்ட ஹோட்டல்லயே வச்சிருங்க.

கே: ஆம்பளைக்கு... அந்த மாதிரி ஆயிருச்சுன்னா? (பேர் வேணாம்)

ப: நல்ல கேள்வி, வெக்கப்பட வேண்டியதே இல்ல. குப்புறப் படுங்க, இல்ல டவல போத்துங்க, இல்ல தண்ணிக்குள்ள போங்க. முக்காவாசி பேருக்கு பத்து நிமிஷத்துல அந்த நெனப்பே போயிரும். காட்டிக்கிட்டு நடக்குறதும், உத்து உத்துப் பாக்குறதும்தான் தப்பு. அங்க உறவு வச்சுக்கிட்டா அந்த நாட்டுலயும் குத்தம்தான்.

கே: யாரும் இல்லாதப்ப நம்ம போட்டோ மட்டும் எடுக்கலாமா?

ப: பைக்குள்ள இருந்து போனையே எடுக்காதீங்க. உங்க பின்னாடி யார் நிக்கிறான்னு உங்களுக்குத் தெரியாது. அதோட அத ஊருக்கு வந்து எங்கயாச்சும் ஏத்துனா நம்ம மல்டிமீடியா சட்டம் 233வது பிரிவு இருக்கு, அங்க குத்தமில்லாதது இங்க குத்தமாயிரும்.

கே: நம்ம தோலு கறுப்பு, சன்ஸ்க்ரீன் தேவையா? (ஈப்போ)

ப: தேவை. கறுப்பா இருந்தா எரியாதுன்னு யாரு சொன்னது? பெர்த்துல வெயில் காலத்துல யூவி (வெயிலோட புற ஊதாக் கதிர் அளவு) 11க்கு மேல போகும், 3 ஆனாலே பூசணும்னு சொல்றாங்க. எஸ்பிஎஃப் 50, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ, குளிச்சா மறுபடியும். பொறந்ததுல இருந்து வெயிலே படாத எடம்தான் முதல்ல கன்றும், அங்க மறக்காம பூசுங்க. டவல் ரெண்டு எடுத்துக்கங்க, எங்க உக்காந்தாலும் டவல் மேலதான் உக்காரணும், அது அங்க மரியாதை.

கடல் பத்தி யாரும் கேக்கல, நானே சொல்றேன். இந்த மாதிரி பீச்சுல பெரும்பாலும் சிவப்பு மஞ்சள் கொடி நட்டு லைஃப்கார்டு நிக்க மாட்டாங்க. நம்ம பத்து ஃபெரிங்கி கடல் மாதிரி நெனச்சு இறங்கிறாதீங்க, ரிப்னு சொல்ற நீரோட்டம் கரைல இருந்து உள்ள இழுக்கும். இழுத்தா எதிர்த்து நீந்தாதீங்க, மிதந்துக்கிட்டே கையத் தூக்குங்க, தெம்பு இருந்தா கரைக்குப் பக்கவாட்டுல நீந்தி வெளிய வாங்க. நீச்சல் தெரியாதவங்க முட்டி அளவு தண்ணியோட நின்னுக்குங்க.

கே: அக்கா, தாலிய கழட்டணுமா? கேக்கவே ஒரு மாதிரி இருக்கு. (பிரிக்பீல்ட்ஸ்)

ப: வேணாம்மா. நான் ஒரு நாளும் கழட்டுனதில்ல, யாரும் ஏன்னு கேட்டதும் இல்ல. பயணம் போகும்போது மட்டும் தங்கச் செயின வீட்டுல வச்சுட்டு மஞ்சக் கயித்துல மாத்திக்குவேன், அலைல அறுந்து போனா அந்தக் கவலையே ஊர் வந்து சேர்ற வரைக்கும் இருக்கும். உப்புத் தண்ணில கயிறு சீக்கிரம் வெளுத்துரும், அதனால பைல புதுசா ஒண்ணு வச்சுக்கங்க.